வார்ப்புக் கோடு

பிப்ரவரி 4, திங்கள்

இன்று என்னை அழைத்துப் போகக் கார் வந்தது. முப்பத்தோரு வருடம் சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் வாளிகளோடு மாரடித்தவன் நான். மலையிலிருந்து ஆலைக்குக் கம்பி வடத்தில் தொங்கியபடி வரும் அந்த வாளிகளுக்கு ஃபோர்மேன். அத்தனை வருடத்தில் கம்பெனி ஜீப்பின் முன் சீட்டில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. இன்று தென்காசியிலிருந்து வேங்கைமலை அடிவாரம் வரை பின் சீட்டில் தனியாகப் போனேன். என் மனைவி உலகம்மாள் வாசலில் நின்று கையசைத்தாள். எதிர்வீட்டு ராஜாமணி பார்க்கட்டும் என்று கொஞ்சம் அதிகமாகவே அசைத்தாள்.

அழைத்தவர் சிவசைலம். அடிவாரத்தில் பூங்காவும் தங்கும் விடுதியும் வைத்திருக்கிறார். ஐரோப்பாவில் பனி விழுவது குறைந்து மூடிப்போன ஒரு பனிச்சறுக்கு மலையிலிருந்து, ஆட்களை மேலே ஏற்றிச் செல்லும் நாற்காலி லிஃப்ட் ஒன்றை அப்படியே கழற்றி, கப்பலில் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து, இங்கே நிறுத்திவிட்டார். அடிவாரத்திலிருந்து உச்சியிலுள்ள முருகன் கோயில் வரை பதினொரு தூண்கள், அறுபத்து நான்கு நாற்காலிகள். காகிதம் ஒன்றுகூடக் கிடையாது. எந்தக் கம்பெனி, எந்த வருடம், எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்ல ஆளில்லை. அது தெரிந்தால்தான் கோவையிலிருந்து வரும் ஆலோசகர் சான்றிதழ் தருவாராம். பங்குனி உத்திரத்தன்று ஓட்டம் தொடங்கவேண்டும்.

பழைய லிஃப்டுகளின் படத்தைப் பார்த்து இது இன்னது என்று கண்டுபிடிப்பது ஓய்வுபெற்ற பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம். இணையத்தில் அதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. எல்லாரும் வெள்ளைக்காரர்கள், நான் ஒருவன்தான் தமிழன். யாராவது தாத்தா காலத்துப் படத்தைப் போட்டு இது என்ன லிஃப்ட் என்று கேட்பார்கள். இதுவரை நாற்பத்தேழு படங்களுக்கு நான் சொன்னது சரி. இரண்டு தவறிப்போயின. அந்த இரண்டும் மங்கலான படங்கள்.

இங்கே அரை நிமிடம்தான் ஆனது. இருவர் உட்காரும் நாற்காலி, நடுவில் ஒற்றைத் தண்டு, இருக்கையில் ஏழு மரச்சட்டங்கள், கைப்பிடி நுனியில் உள்பக்கமாக ஒரு சுருள். "ஹெல்ட்மர் கம்பெனி. 1964. தங்கமான மாடல்" என்றேன்.

சிவசைலம் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, ஆறு மாசமா இதுக்கு அலையுதேன். நீங்க கண்ணால பாத்தே சொல்லிட்டியளே!"

பெருமையாகத்தான் இருந்தது. ஏன் இருக்கக்கூடாது?

பிப்ரவரி 5, செவ்வாய்

நாற்காலியின் படத்தைக் குழுவில் போட்டேன். மாலைக்குள் முப்பத்தாறு பேர் பாராட்டிவிட்டார்கள். முட்டி வலிக்கு உலகம்மாளுக்குத் தைலம் வாங்கவேண்டும். கேஸ் சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 7, வியாழன்

எழுத்துபூர்வமாகக் கேட்டார்கள். ஹெல்ட்மர் 1964, பிடிகள் உள்பட மூல பாகங்கள், ஒரு நாற்காலிக்கு இருவர் என்று ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆலோசகர் அதை வாங்கிப் படித்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். ஓர் என்ஜினியர் எனக்காக எழுந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

பராமரிப்புக்குப் பியூலா என்றொரு பெண் இருக்கிறாள். நாற்பது வயதிருக்கும். கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் பன்னிரண்டு வருடம் ஏறி இறங்கியவள். தூணில் ஏணி இருக்கிறதா என்றுகூடப் பார்க்கமாட்டாள், போய்க்கொண்டே இருப்பாள். வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணாச்சி, நாற்காலிய விடுங்க. அது ஆளு உக்காருத இடம். வடத்தக் கவ்விக்கிட்டு இருக்கது இந்தப் பிடிதான? இது என்ன மாடல்னு சொல்லுங்க" என்றாள்.

பிடி என்பது நாற்காலித் தண்டின் உச்சியில் இருக்கும் இரும்புத் தாடை. அது வடத்தை இறுக்கிக் கடித்திருக்கும்வரைதான் நாற்காலி. ஒரு நாற்காலிக்கு ஒரு பிடி, அதற்கு மாற்று எதுவும் கிடையாது. நாற்காலி ஹெல்ட்மர் என்றால் பிடியும் ஹெல்ட்மர்தான் என்றேன். தலையாட்டினாள்.

எல்லாவற்றுக்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்துவைத்திருக்கிறார்கள். தூத்துக்குடியில் இறங்கியதும் முதல் வேலையாக அதைத்தான் செய்தார்களாம். பளபளவென்று புதுசுபோல் இருக்கவேண்டுமாம். கம்பெனி முத்திரை, எண், எதுவும் தெரியவில்லை. இரண்டு பூச்சாகக் கனமாக அடித்த பெயிண்டுக்கு அடியில் பிடியின் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடுவதுபோல் இருந்தது. பெயிண்ட் வழிந்து காய்ந்ததாக இருக்கும்.

பிப்ரவரி 12, செவ்வாய்

குழுவில் வெர்னர் என்றொரு கிழவர். நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். யாரையும் பாராட்டமாட்டார். இன்று எழுதியிருக்கிறார்: நாற்காலியைப் பார்த்து லிஃப்டைச் சொல்லாதே, நாற்காலியை யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம், பிடியின் படத்தை அனுப்பு.

எழுபத்தெட்டு வயதில் இவருக்கு வேறு வேலை இல்லை. அனுப்பலாம், அவசரம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 18, திங்கள்

விடுதி வரவேற்பறையில் என் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். லிஃப்ட் நிலையத்தின் வாசலில் ஒரு கருங்கல் பலகை வரப்போகிறது. அதில் லிஃப்டின் வரலாறு நாலு வரி, கடைசி வரியில் 'இதை அடையாளம் கண்டவர் தென்காசி திரு. பிரமநாயகம்'. என் இனிஷியல் என்ன என்று ஃபோனில் கேட்டார்கள். உலகம்மாளிடம் சொன்னபோது, "கல்லுலயா? அப்ப அழியாதுல்லா" என்றாள்.

அவள் மலை முருகனைப் பார்த்துப் பதினொரு வருடம் ஆகிறது. எண்ணூற்று எழுபது படி, அவள் முட்டி எட்டுப் படிக்கே முனகும். லிஃப்ட் ஓடும் முதல் நாளே போய்விடவேண்டும் என்று ஒரு மஞ்சள் சேலையை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறாள். எதிர்வீட்டு ராஜாமணியும் உடன் வருகிறாளாம். தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 26, செவ்வாய்

பாரச் சோதனை. ஒவ்வொரு நாற்காலியிலும் இரண்டு ஆள் எடைக்கு மணல் மூட்டை கட்டி நாள் முழுக்க ஓட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆலோசகர் கையெழுத்துப் போட்டார். லட்டு கொடுத்தார்கள்.

பியூலா மட்டும் லட்டுச் சாப்பிடவில்லை. முப்பத்தொன்றாம் எண் நாற்காலி நாலாவது தூணின் கப்பிகளைத் தாண்டும்போது 'டிக்' என்று சத்தம் வருகிறதாம். நானும் நின்று கேட்டேன். மூன்று சுற்றுக்கு வந்தது, நாலாவதில் வரவில்லை. வடமும் கப்பியும் மட்டும் இங்கே புதிதாகப் போட்டவை, ஒன்றோடொன்று பழகும்வரை சத்தம் இருக்கும் என்று சொன்னேன். ஆலை வாளிகளில் அப்படி இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன்.

ஆலை வாளியில் அந்தச் சத்தம் வந்தால் வாளியை இறக்கி ஓரமாக வைத்துவிடுவோம். ஆனால் அது கல் சுமக்கிற வாளி, வேறு வகை.

மார்ச் 1, வெள்ளி

வெர்னரிடமிருந்து மறுபடி கடிதம். பிடி எங்கே என்கிறார். கூடவே ஒரு பாடம். டோர்வால் என்றொரு கம்பெனி ஹெல்ட்மரிடம் நாற்காலிகளை மட்டும் வாங்கித் தன் லிஃப்டுகளில் மாட்டியது. ஹெல்ட்மர் பிடிகள் காய்ச்சி அடித்துச் செய்தவை, நூறு வருடம் உழைக்கும். டோர்வால் பிடிகள் அச்சில் உருக்கி ஊற்றிய வார்ப்பு, வயதானால் தாடைக்கு அடியில் விரிசல் விடும். 1971-இல் ஒரு மலையில் பிடி உடைந்து நாற்காலி வழுக்கிக் கீழிருந்த நாற்காலியில் மோதி, இரண்டும் விழுந்து, ஐந்து பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு டோர்வால் பிடிகளை எல்லா ஊரிலும் தூக்கிப் போட்டார்கள், ஏழை ஊர்களைத் தவிர.

இது எனக்கும் தெரியும். டோர்வால் மொத்தமே ஆறு லிஃப்ட்தான் செய்தது. ஹெல்ட்மர் முந்நூறுக்கு மேல். முந்நூறுக்கும் ஆறுக்கும் எது நடக்கக்கூடியது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

மார்ச் 3, ஞாயிறு

உளுந்து, மிளகாய் வற்றல், கருப்பட்டி. தண்ணீர் மோட்டாருக்கு வாஷர். மாலையில் ராஜாமணி வந்து மலையில் முடி இறக்கவும் ஏற்பாடு உண்டா என்று கேட்டாள். நான் என்ன கோயில் தர்மகர்த்தாவா?

மார்ச் 8, வெள்ளி

பியூலா ஒரு வேலை செய்திருக்கிறாள். இருபது பிடிகளுக்குப் பக்கத்தில் வடத்தின்மேல் சிவப்பு மார்க்கரில் கோடு போட்டு வைத்தாள். நான்கு நாள் ஓட்டிவிட்டுப் பார்த்தால் மூன்று பிடிகள் கோட்டைவிட்டு நகர்ந்திருக்கின்றன. ஒன்று நாலு விரல்கடை.

"பிடி பிடிக்கல அண்ணாச்சி. நழுவுது" என்றாள்.

"புது வடம் ஓட ஓட நீளும். அதோடு சேர்ந்து நகரும்."

"வடம் நீண்டா நான் போட்ட கோடும் சேந்துதான நகரணும்?"

போல்ட்டை இன்னும் கொஞ்சம் முடுக்கச் சொன்னேன். முடுக்கினாள். வீட்டுக்கு வரும் வழியில் காரில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கேள்வி கேட்கிற தொனி சரியில்லை. காற்றாலை வேறு, வடம் வேறு.

மார்ச் 13, புதன்

கல்பலகை வந்து சேர்ந்தது. என் பெயரில் ஒற்றெழுத்துப் பிழை இல்லை. பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். சிவசைலம் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "ஐயாவாலதான் இந்த ஊரு வயசாளிக எல்லாம் முருகனப் பாக்கப் போறாவ" என்று பத்திரிகைக்காரரிடம் சொன்னார். முன்பதிவு மட்டும் நானூறு பேருக்கு மேல். பெரும்பாலும் படி ஏறமுடியாதவர்கள்.

படம் எடுத்து முடிந்ததும் பியூலா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முப்பத்தொன்றாம் நாற்காலியின் பிடியில் பெயிண்டைச் சுரண்டியிருந்தாள். அடியில் ஒரு நட்சத்திரம், விரலால் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி மேலே புடைத்துக்கொண்டு. ஹெல்ட்மர் முத்திரை மூன்று மலைச்சிகரம், உளியால் அடித்து உள்ளே இறங்கியிருக்கும். புடைத்து நிற்பது அச்சிலேயே வருவது.

"இது என்னது அண்ணாச்சி?"

"அந்தக் காலத்துச் சோதனை அதிகாரி போடும் முத்திரை" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. சொன்ன பிறகு அப்படி ஒரு வழக்கம் இருந்திருக்கவும் கூடும் என்றுதான் தோன்றியது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே நிறுத்திப்புடுதேன். மொதலாளி கத்தினா நான் பாத்துக்கிடுதேன். ஆனா நான் சொன்னா எடுபடாது. நீங்க சொல்லணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 16, சனி

தூக்கமில்லை. பித்தம். உலகம்மாள் சுக்குக் கஷாயம் போட்டுத் தந்தாள். குழுவிலிருந்து ஏழு தகவல் வந்து கிடக்கிறது, திறக்கவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

பியூலா சாயச் சோதனை செய்தே தீரவேண்டும் என்று நின்றாள். இரும்பில் சிவப்புச் சாயம் தடவி, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி அடிப்பது. விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய சாயம் பொடியில் கோடாகக் கசிந்து மேலே வரும். வாளிப் பிடிகளுக்கு ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். நானே செய்கிறேன், நீ போய் டீசல் எஞ்சினைப் பார் என்று அனுப்பினேன்.

முப்பத்தொன்றைக் கழற்றிப் பெயிண்டை நீக்கினேன். ஓரமெங்கும் மெல்லிய கோடு ஓடியது. அடித்துச் செய்த இரும்பில் அந்த இடத்தில் விரல் அகலத்துக்குத் தேய்த்த பட்டை இருக்கும். நூல்போல் இருந்தால் அது அச்சின் இரண்டு பாதி சேர்ந்த வார்ப்புக் கோடு. சாயம் தடவி, துடைத்து, பொடி அடித்தேன். தாடைக்கு அடியில் ஒரு கோடு சிவப்பாக வந்தது. பிறகு அது நீண்டது.

சாயத்தைச் சரியாகக் கழுவாமல் விட்டிருப்பேன். துணியால் துடைத்துவிட்டேன்.

பியூலா வந்து, "என்ன அண்ணாச்சி?" என்றாள்.

"சுத்தமா இருக்கு."

"நெசமாவா?"

"முப்பத்தோரு வருஷம் இதைத்தான் செஞ்சேன்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. இரண்டு வாரமாக அப்படி ஒரு முகத்தை அவளிடம் பார்க்கவில்லை. மற்றப் பிடிகளையும் சோதிக்கவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தவள், அண்ணாச்சியே சொல்லிவிட்டார் என்று விட்டுவிட்டாள். தன் மாமியாரையும் அன்று கூட்டி வரப்போவதாகச் சொல்லிக்கொண்டே பிடியை அவளே எடுத்துப்போய் மாட்டினாள்.

வாளி வடத்தில் கோடு விழுந்த பிடிகள் மாதக்கணக்கில் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். உத்திரம் முடியட்டும். ஒரு நாள் கூட்டம். அதன் பிறகு பழுது பார்க்கவேண்டும் என்று ஏதாவது சொல்லி நிதானமாக எல்லாப் பிடிகளையும் மாற்றச் செய்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை.

மார்ச் 20, புதன்

மாலையில் உலகம்மாள் மஞ்சள் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கூட்டமாக இருக்கும், அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்றேன்.

"மொத நாளுன்னு சொல்லித்தான வச்சிருக்கேன்?"

"வெயில். உனக்குத் தலை சுத்தும்."

"லிஃப்டுல உக்காந்துதான போறேன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ராஜாமணியக்கா வாறாளே. அவளையும் வேண்டாம்னு சொல்லிரட்டுமா?"

"அவ போனா போகட்டும். நீ போகவேண்டாம்."

சேலையை மடித்தாள். எனக்குச் சாப்பாடு வைத்தாள், ரசம் நன்றாக இருந்தது. அவள் சாப்பிட்டதாக நினைவில்லை.

மார்ச் 21, வியாழன், காலை 6.40

உலகம்மாள் வீட்டில் இல்லை. ராஜாமணி வீடும் பூட்டிக் கிடக்கிறது. செல்ஃபோனை அடுக்களையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மார்ச் 21, வியாழன், மாலை

ஆட்டோ பிடித்துப் போவதற்குள் எட்டேகால் ஆகிவிட்டது. வரிசை பூங்கா வாசலைத் தாண்டி ரோடு வரை நின்றது. கைத்தடி வைத்தவர்கள், வாக்கர் வைத்தவர்கள், ஒரு அம்மாளை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். உலகம்மாள் முன்னால், கம்பித் தடுப்புக்குள், ராஜாமணியோடு நின்றாள். மஞ்சள் சேலை. கையில் பூஜைக் கூடை.

"வா வீட்டுக்கு" என்றேன்.

ராஜாமணிக்குக் கேட்காதபடி பக்கத்தில் வந்தாள். "எனக்கு மட்டும் ஏன் வேண்டாம்னிய?"

கூடையை வாங்கக் கையை நீட்டினேன்.

"இதுல என்னமோ இருக்கு. உங்க மொகத்துல பத்து நாளா இருக்கு. என்கிட்ட எதுவும் சொல்லாதிய. அந்தா நிக்கா பாருங்க பியூலா, அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. நிறுத்தச் சொல்லுங்க. நிறுத்தினா நான் வீட்டுக்கு வாறேன். இல்லன்னா இந்த ராஜாமணியோட, இந்த சனத்தோடதான் நானும் போவேன்."

"உலகு, எல்லார் முன்னாலயும்—"

"அந்த எல்லாரும்தான் இதுல ஏறுதாவ."

பியூலா இயக்கும் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாள். அங்கே போனேன். சிவசைலம் இருந்தார், ஆலோசகர் இருந்தார், எனக்கு ஒரு சால்வை வைத்திருந்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். சால்வையைப் போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன். கை தட்டினார்கள். பியூலா பொத்தானை அழுத்தினாள். முதல் நாற்காலியில் சிவசைலத்தின் அம்மாவும் அத்தையும் போனார்கள். நாலாவதாக உலகம்மாளும் ராஜாமணியும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்காலிகள் ஒவ்வொன்றாக ஆட்களோடு போய்க்கொண்டிருந்தன. உலகம்மாள் முதல் தூணைக் கடந்தாள். இரண்டாவது தூணைக் கடந்தாள். அதற்கப்பால்தான் பாறைச்சரிவு தொடங்குகிறது. மூன்றாவது தூணில் நாற்காலி லேசாகக் குலுங்கி இறங்கியது. மஞ்சள் சேலை முந்தானை காற்றில் பறந்தது, அவள் அதை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது.

"நிறுத்து" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருந்தார்கள். பிறகு கத்தினேன்.

"பிடி எல்லாம் வார்ப்பு! நான் தப்பாச் சொல்லிட்டேன்! அன்னைக்குக் கோடு தெரிஞ்சுது, நான் தொடச்சிட்டேன்!"

சிவசைலம் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆலோசகர் சிவப்புப் பொத்தானுக்குக் கையை நீட்டினார். பியூலா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "சட்டுன்னு நிறுத்தினா வடம் குதிக்கும், உள்ளதும் உடைஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். வடம் ஊர்ந்து, பிறகு நின்றது. பதினொரு நாற்காலிகளில் இருபத்திரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பியூலா என் பக்கம் திரும்பவே இல்லை. கயிறும் இடுப்புப் பட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மூன்றரை மணி நேரம். அவளும் காற்றாலைக் காலத்து நண்பர்கள் இருவரும் ஒவ்வொருவராகக் கயிறு கட்டி இறக்கினார்கள். மேலிருந்து யாரோ முருகா முருகா என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உலகம்மாளை இறக்கும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. முட்டி மடங்கிப் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூடையை விடவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கி முதலில் ராஜாமணிக்குக் கொடுத்தாள்.

மார்ச் 22, வெள்ளி

அறுபத்து நான்கு பிடிகளையும் கழற்றித் தார்ப்பாயில் வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் நட்சத்திரம். சாயம் தடவி வெள்ளைப் பொடி அடித்தபோது இருபத்து மூன்றில் சிவப்புக் கோடு வந்தது. துடைக்க யாரும் என்னை விடவில்லை, நானும் பக்கத்தில் போகவில்லை.

உலகம்மாளும் ராஜாமணியும் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பிடியில் ஒன்றுமில்லை. அதற்குப் பின்னால் வந்த நாற்காலியில் சுரண்டையிலிருந்து வந்த ஒரு வாத்தியாரும் அவர் சம்சாரமும் இருந்தார்கள். அந்தப் பிடியின் விரிசலில் பியூலாவின் நகம் உள்ளே போனது. இன்னும் எத்தனை சுற்று ஓடியிருக்கும் என்று ஆலோசகர் கேட்டார். "சுத்தா?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

போகும்போது என்னைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது. "என் மாமியாரும் வரிசைல நின்னாவ சார்" என்றாள். இதுவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

மார்ச் 25, திங்கள்

கல்பலகையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்களாம். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. பிடியின் படத்தை வெர்னருக்கு அனுப்பினேன். டோர்வால், 1959 என்று ஒரு வரி பதில் வந்தது. குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நானே விலகிவிட்டேன்.

மார்ச் 29, வெள்ளி

சுரண்டை வாத்தியாரும் சம்சாரமும் வீடு தேடி வந்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், அரைக் கிலோ அல்வா. சரியான சமயத்தில் நான் கத்தாவிட்டால் தாங்கள் இல்லை என்று வாத்தியார் என் காலைத் தொட வந்தார். பின்னால் நகர்ந்துகொண்டேன். அந்த அம்மாள் அழுதாள். உலகம்மாள் அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, பஸ் ஸ்டாப் வரை நொண்டிக்கொண்டே போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

வந்ததும் என் எதிரில் உட்கார்ந்தாள். எட்டு நாளாக அவள் இப்படி உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கேன். நான் ஏறாம இருந்திருந்தா நிறுத்தியிருப்பியளா?"

"நிறுத்தியிருப்பேன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டு, காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நிறுத்தியிருக்கமாட்டேன்.